"அந்தப் பையன் பிழைச்சிட்டானா சிஸ்டர்?": அவசர சிகிச்சைப் பணியாளர்களும் பர்ன்அவுட்டும்

அதிகாலை நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு 108 வண்டி எங்கள் கேசுவல்டி வாசலில் வந்து நின்றது. நாற்கரச் சாலையில் நின்ற லாரியின் பின்னால் பைக் மோதிய கேஸ். இருபது வயது இருக்கும் பையனுக்கு. வண்டியில் வந்த இஎம்டி தம்பி, அதாவது ஆம்புலன்ஸில் முதலுதவி செய்பவர், மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டே ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார். பையை நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அவருடைய வலது கை விரல்கள் எதையோ அமுக்குவது போலவே மூடித் திறந்துகொண்டிருந்தன. படிவத்தில் கையெழுத்து வாங்கினார். அதற்குள் போன் அடித்தது. எங்கோ பிரசவ வலி. போய்விட்டார்.

பையனுக்கு மூச்சுவிடக் குழாய் போட்டு, ஸ்கேன் எடுத்து, விடிவதற்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம். நாலு நாள் கழித்து அந்தத் தம்பி தன் லீவு நாளில், யூனிஃபார்ம் இல்லாமல் வந்து, கதவோரம் நின்றார்.

"அந்தப் பையன் பிழைச்சிட்டானா சிஸ்டர்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியலையே தம்பி என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த எட்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார் என்று அவரோடு வண்டி ஓட்டிய அண்ணாச்சி பிற்பாடு சொன்னார். "நல்லாத்தான் இருந்தான். திடீர்னு போயிட்டான்."

அந்தத் 'திடீர்' என்ற சொல்தான் இதை எழுத வைத்தது. கேசுவல்டியில் செவிலியராகப் பதினாலு வருடம் வேலை பார்த்துவிட்டேன். யாரும் திடீரென்று போவதில்லை. போவதற்கு மாதக்கணக்கில் முன்பே ஏதோ ஒன்று உள்ளே தீரத் தொடங்கியிருக்கும். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அடையாளங்கள் இருக்கின்றன, காரணங்கள் இருக்கின்றன. இந்த வேலையில் இருப்பவர்களும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அபாய மணி அடங்க வேண்டும்

முதலில் ஸ்ட்ரெஸ். கெட்டது, ஆகாது என்றே அதைப் பற்றிக் கேட்டிருப்போம். ஆனால் அது இல்லாவிட்டால் எங்களால் ஒரு கேஸைக்கூடப் பார்க்க முடியாது. சைரன் சத்தம் கேட்டதும், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது. கண்மணி விரிகிறது. வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறைந்து கை கால் தசைக்குக் கூடுகிறது. அமெரிக்காவில் வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915-ல் இதை 'எதிர்த்து நில், அல்லது ஓடு' என்ற உடம்பின் ஏற்பாடாக விளக்கினார். சில நிமிடம் கழித்து கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, நீண்ட நேரம் நின்று வேலை பார்க்கத் தெம்பு கொடுக்கிறது.

புதிதாக டூட்டிக்கு வரும் பெண்கள் நின்ற இதயத்துக்காக நெஞ்சை அழுத்தும் முதல் சிபிஆர் முடிந்ததும் "கை நடுங்குது அக்கா" என்று என்னிடம் வந்து நிற்பார்கள். பயந்துபோயிருப்பார்கள், தனக்கு இந்த வேலை ஆகாதோ என்று. அது அட்ரினலின்தான், கொஞ்சம் உட்காரு, தண்ணி குடி என்பேன். சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

அடங்க வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது. உடம்பின் அபாய மணி அடிப்பதற்கு மட்டுமல்லாமல் நிற்பதற்கும் சேர்த்தே அமைக்கப்பட்டது. ஸ்ட்ரெஸ் என்ற சொல்லை மருத்துவத்துக்குள் கொண்டுவந்து நிலைநிறுத்திய ஹான்ஸ் செல்யே, கனடாவின் மான்ட்ரியல் நகரில் எலிகளை வைத்து ஆய்வு செய்து 1936-ல் எழுதினார்: தொடர்ந்து தொந்தரவு கொடுத்தால் உடம்பு மூன்று கட்டமாகப் போகிறது. முதலில் பதறுகிறது. பிறகு பழகித் தாக்குப்பிடிக்கிறது. கடைசியில் தீர்ந்துபோகிறது. இதில் ஆபத்தானது நடுக்கட்டம் என்பேன். வெளியிலிருந்து பார்த்தால் அது திறமை மாதிரியே இருக்கும். ரத்தத்தைப் பார்த்தாலும் முகம் மாறாது, நாலு கேஸ் சேர்ந்து வந்தாலும் பதறாது, "அவளுக்கு என்ன, இரும்பு" என்று பேர் கிடைக்கும். அந்தப் பேரைக் காப்பாற்றப் போய்த்தான் பலர் மூன்றாம் கட்டத்துக்குள் போகிறார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெட்ரோல் பங்க் ஓரத்தில் 108 வண்டி நிற்பதைப் பார்த்து, சும்மாதானே நிக்குது என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்த வண்டிக்குள் இருப்பவர் எந்த நொடியும் போன் அடிக்கலாம் என்றே உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் ஒரு காது போனில்தான் இருக்கும். மணி பாதி அடித்தபடியே இருக்கிற நிலை அது. ஓய்வு என்று அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

பர்ன்அவுட் என்ற சொல் வந்த கதை

ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி சிறுவயதிலேயே அமெரிக்கா வந்து, பிறகு நியூயார்க்கில் உளவியலாளரானவர். பகலெல்லாம் தன் சொந்த கிளினிக்கில் வேலை, சாயங்காலத்துக்கு மேல் போதைக்கு அடிமையான இளைஞர்களுக்கான இலவச மருத்துவ மையத்தில் தொண்டு. அங்கே தன்னோடு உழைத்த தொண்டர்கள் ஒரு வருடம் போல ஆனதும் மாறிப்போவதைப் பார்த்தார். ஆசையோடு வந்தவர்கள் எரிந்து விழுந்தார்கள், உதவி கேட்டு வந்தவர்களையே சந்தேகப்பட்டார்கள். அவருக்கும் அது வந்தது. குடும்பத்தோடு வெளியூர் போக வேண்டிய நாளில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. தன் நிலையைத் தானே டேப்பில் பேசிப் பதிவுசெய்து, பிறகு வேறு ஒருவர் பேச்சைக் கேட்பது போலக் கேட்டுப் பார்த்தார். 1974-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். போதைப் பழக்கத்தால் சீரழிந்தவர்களைக் குறிக்கத் தெருவில் புழங்கிய சொல்லையே எடுத்து, பர்ன்அவுட் என்று பெயர் வைத்தார்.

தமிழில் பணிச்சோர்வு என்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் போதவில்லை. சோர்வு என்றால் தூங்கி எழுந்தால் போய்விடும் என்று தோன்றுகிறது. எனக்குப் பொருத்தமாகப் படுவது எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு. எண்ணெய் இருக்கும்வரை திரி கருகுவதில்லை, எண்ணெய்தான் எரிகிறது. எண்ணெய் வற்றியதும் திரியே எரியத் தொடங்கும். சுடர் அப்போதும் தெரியும். வாடைதான் மாறும்.

மூன்று முகங்கள்

அமெரிக்காவில் பெர்க்லியில் இருந்த சமூக உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981-ல் 22 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். பர்ன்அவுட்டை அளக்க இன்றுவரை அதிகம் பயன்படுவது அதுதான். அதன்படி இதற்கு மூன்று முகங்கள்.

ஒன்று, உள்ளம் வற்றிப்போவது. தூங்கி எழுந்தாலும் களைப்பு போகாது. டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்பே, செருப்பைப் போடும்போதே, அசதியாக இருக்கும். இது எல்லோருக்கும் எளிதில் புரிகிற முகம்.

இரண்டாவதுதான் வெளியில் இருப்பவர்களுக்குக் கோபம் வரவைக்கிற முகம். நோயாளி மனிதராகத் தெரியாமல் போவது. "மூணாம் பெட்டுக்கு ஊசி போட்டாச்சா?" "அந்தப் பாய்சன் எந்திரிச்சுட்டாளா?" பெயர் போய், வயது போய், கட்டில் எண்ணும் நோயும் மட்டும் மிஞ்சும். கேசுவல்டியில் ஓரளவுக்கு எல்லோருமே இப்படிப் பேசுகிறோம். அவசரத்தில் அது வசதி. வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், அவசரம் இல்லாத நேரத்திலும் பெயர் வராதபோது.

என்னையே சொல்கிறேன். ஒருநாள் ராத்திரி, அரளி விதையை அரைத்துக் குடித்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "ரெண்டு சின்னப் புள்ளைக இருக்கு தாயி" என்றார். என் மனதில் ஓடியது, இந்த நேரத்தில்தானா இவள் குடிக்க வேண்டும், என்னை மாற்றிவிட ரிலீவர் வர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே என்பதுதான். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. மானிட்டர் மாட்டினேன், ஊசி போட்டேன், டாக்டர் சொன்னதெல்லாம் செய்தேன். அந்த அம்மா முகத்தை மட்டும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுதான் அது உறைத்தது. நான் கெட்டவளாகிவிட்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு. மனம் தன்னைக் காத்துக்கொள்ளக் கதவைச் சாத்துகிறது. அடுத்தவர் வலி உள்ளே வராமல் இருக்கச் சாத்திய கதவு, அன்பையும் வெளியே விடாது.

மூன்றாவது முகம், நான் செய்வதால் என்ன ஆகிவிடப் போகிறது என்ற எண்ணம். பத்து உயிரைக் காப்பாற்றியது மறந்துபோய், போன உயிர் மட்டும் நினைவில் நிற்கும்.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பில் இந்த மூன்றையும் வைத்தே பர்ன்அவுட்டை வரையறுத்தது. 2019 மே மாதம் ஏற்கப்பட்ட அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்று சொல்லியிருக்கிறார்கள். வேலையிடத்தில் நீடித்து இருக்கும், சரிவரக் கையாளப்படாத மன அழுத்தத்தின் விளைவு என்பது அதன் வரையறை. இந்த வரையறை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கோளாறு வேலையிடத்தில் இருக்கிறது என்றால், மருந்தும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

மனச்சோர்வு நோயும் இதுவும் ஒன்றா என்று கேட்பார்கள். தொடக்கத்தில் பர்ன்அவுட் வேலையோடு ஒட்டியிருக்கும். ஊருக்குப் போனால், பிள்ளைகளோடு இருந்தால், முகம் கொஞ்சம் தெளியும். மனச்சோர்வு நோய் எங்கே போனாலும் கூடவே வரும். ஆனால் முதலாவது கவனிக்கப்படாமல் விட்டால் இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம். ஒரு குறிப்பிட்ட கோரக் காட்சி மனதில் திரும்பத் திரும்ப ஓடுவது, கனவில் வந்து எழுப்புவது, அந்த இடத்தைக் கடக்கவே முடியாமல் இருப்பது: இது வேறு. பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய் அது, அதற்குத் தனி சிகிச்சை உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

இந்த வேலையில் ஏன் இவ்வளவு?

தூக்கத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

1997-ல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தூங்காமல் விழித்திருப்பவரின் கைத்திறனையும் குடித்தவரின் கைத்திறனையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர் அளவுக்குத் தடுமாறினார். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது ஏறத்தாழ 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம்.

இப்போது கணக்குப் போடுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு 12 மணி நேர டூட்டி ஏறும் ஓட்டுநர் காலை பத்து மணிக்கு எழுந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பகலில் பிள்ளை பள்ளிக்கூடம், ரேஷன் கடை, வீட்டு வேலை. அவருக்கு 17 மணி நேரம் நிறைவது ராத்திரி மூன்று மணிக்கு. உடம்பின் உள்கடிகாரம் கண்ணை மூடச் சொல்லிக் கெஞ்சுகிற நேரமும் அதுதான். அந்த நேரத்தில் பின்னால் ஓர் உயிரை வைத்துக்கொண்டு, சைரன் போட்டு, அவர் ஓட்டுகிறார். அவர் ஒரு சொட்டு குடித்திருந்தால் ஊரே திரண்டு அடிக்கும். தூங்காமல் ஓட்டினால் ஒருவரும் கேட்பதில்லை.

அடுத்தது, வேலை கூடுதலாக இருப்பதைவிட மோசமான ஒன்று. ராபர்ட் கராசெக் என்பவர் 1979-ல் எழுதிய ஒரு கருத்து என் கண்ணைத் திறந்தது. ஒரு வேலை ஆளை வாட்டுவது பளு மட்டும் கூடும்போது அல்ல. பளு கூடி, தன் வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் குறையும்போதுதான். பின்னால் வந்தவர்கள் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: தோள் கொடுக்கும் சகாக்கள் இருந்தால் அதே பளு தாங்கும். ஆம்புலன்ஸ் வேலையை இதில் வைத்துப் பாருங்கள். எந்த கேஸ் வரும், எப்போது வரும், எத்தனை வரும், எங்கே கொண்டுபோக வேண்டும், எப்போது சாப்பிடலாம், எதுவும் அவர்கள் கையில் இல்லை. ஒரு வண்டியில் இருப்பதும் இரண்டே பேர்.

மூன்றாவது, சரியானது எது என்று தெரிந்தும் செய்ய முடியாமல் போவது. ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ ஆசிரியர் செவிலியர்களைப் பற்றி எழுதும்போது 1984-ல் இதற்கு 'அறத் துயர்' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். உள்ளே படுக்கை காலியாகும்வரை வண்டியிலேயே ஆக்சிஜன். சிலிண்டரின் முள் இறங்குவதையும் நோயாளியின் மூச்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். செய்ய வழிதான் இல்லை. இந்தக் காயம் உழைப்பால் வருவதில்லை, ஓய்வால் ஆறுவதுமில்லை.

அடிதடியைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. சாவுச் செய்தியைச் சொல்கிற வாய் எங்களுடையது என்பதால் அடியும் எங்களுக்கே விழுகிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு இருபது பேர் கதவைத் தள்ளும்போது அந்தச் சட்டம் அந்த அறைக்குள் இருப்பதில்லை, ஒரு காவலாளி இருந்தால் போதும் என்றிருக்கும்.

கடைசியாக, அந்தத் தம்பி கேட்ட கேள்வி. வார்டில் வேலை பார்ப்பவர் ஒரு நோயாளி தேறி, நடந்து, வீட்டுக்குப் போவதைப் பார்க்கிறார். அவசர சிகிச்சைக்காரருக்கு ஒவ்வொரு கதையும் நடுவிலேயே அறுந்துபோகிறது. ஆம்புலன்ஸ்காரருக்கு முதல் பக்கம் மட்டும்தான். மிக மோசமான அரை மணி நேரத்தை அவர் பார்க்கிறார், நல்லது நடந்தால் அது அவருக்குத் தெரியாமல் நடக்கிறது. மாஸ்லாக் சொன்ன மூன்றாவது முகம், 'என்னால் என்ன ஆகிவிட்டது' என்ற எண்ணம், இந்த மண்ணில் எவ்வளவு எளிதாக முளைக்கும் பாருங்கள். மனம் முடிவு தெரியாத கதையைச் சாவில்தான் முடித்துவைக்கும்.

நோயாளிக்கும் இதில் பங்கு உண்டு

வற்றிப்போனவர் கையில் மருந்து மாறும், அளவு மாறும், ஒவ்வாமை இருக்கிறதா என்ற கேள்வி விட்டுப்போகும். தவறு நடந்துவிட்டால் முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளி, அதில் பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000-ல், தவறு செய்த பணியாளரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று எழுதினார். அந்தச் சொல் நோயாளிக் குடும்பங்களை நோகடிக்கிறது என்று பின்னாளில் எதிர்ப்பு வந்தது, எதிர்ப்பு நியாயம்தான். ஆனாலும் அவர் காட்டிய உண்மை மாறவில்லை: தவறியவரைத் தனியே தவிக்க விட்டால் அவர் இன்னும் வற்றுவார், அடுத்த தவறு இன்னும் பக்கத்தில் வரும்.

என்ன செய்யலாம்?

ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகச் செய்வது ஒருநாள் யோகா வகுப்பு. யோகாவின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் செய்கிறேன். ராத்திரி டூட்டி முடித்துவந்தவளைக் காலை ஒன்பது மணிக்கு அந்த வகுப்பில் உட்காரவைத்து வருகைப் பதிவு எடுத்தால், அது அவள் தூக்கத்தில் இன்னும் ரெண்டு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வதுதான்.

இன்னொரு பழக்கமும் உலகெங்கும் பரவியது. முன்பு தீயணைப்பு, ஆம்புலன்ஸ் வேலை பார்த்த ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர் 1983-ல் அறிமுகப்படுத்தியது. கோரமான சம்பவம் நடந்த சில நாளுக்குள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லவைப்பது. நல்லெண்ணத்தோடு வந்த முறைதான். ஆனால் இத்தகைய ஒற்றை அமர்வுகளைச் சோதித்த ஆய்வுகளை எல்லாம் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 2002-ல் தொகுத்துப் பார்த்தபோது, அவை பின்னால் வரும் மனநோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை. சிலருக்குக் கெடுதல்கூடச் செய்திருக்கலாம் என்று தெரிந்தது. பேச விருப்பமில்லாதவரை அன்றைக்கே பேசவைப்பது, ஆறாத புண்ணைக் கிளறுவது போல ஆகிவிடுகிறது.

அதற்குப் பதிலாக உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு மூன்று சொற்களில் அடங்கும்: பார், கேள், இணை. யார் வாடியிருக்கிறார் என்று பார். அவர் பேசினால் கேள், பேசாவிட்டால் பக்கத்தில் இரு. தேவையான உதவியோடு அவரை இணைத்துவிடு. எங்கள் பழைய சிஸ்டர் இன்சார்ஜ் இதை எந்தக் கையேடும் இல்லாமலே செய்வார். குழந்தை இறந்த கேஸ் முடிந்ததும் ஒன்றும் கேட்க மாட்டார். "நீ போய் டீ குடிச்சிட்டு வா, நான் நிக்கிறேன்" என்பார். அந்த 'நான் நிக்கிறேன்' எனக்கு எத்தனையோ ராத்திரிகளைக் கடத்திக் கொடுத்திருக்கிறது.

நிர்வாகம் செய்ய வேண்டியவை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இரண்டு டூட்டிக்கு நடுவில் தூங்கி எழும் அளவுக்கு இடைவெளி. தொடர்ந்து போடும் ராத்திரி டூட்டிக்கு ஓர் எல்லை. நடு இரவில் இருபது நிமிடம் கண்ணயர ஓர் இடம், அதைச் சோம்பல் என்று பேசாத வாய். குழந்தை கேஸோ, கொத்தாக விபத்தோ பார்த்த வண்டிக்கு அடுத்த அழைப்புக்கு முன் கொஞ்ச நேரம். டூட்டி அட்டவணை போடும்போது, போடப்படுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்பது. கடைசியில் சொன்னதற்குக் காசு செலவே இல்லை, கராசெக் சொன்ன உரிமை அதில்தான் இருக்கிறது.

உதவி கேட்பதற்கு இருக்கும் பயத்தையும் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கில் ஒரு அவசர சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவராக இருந்த லோர்னா பிரீன், கொரோனா முதல் அலையின் நடுவே, 2020 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். மனநல உதவி பெற்றது தெரிந்தால் மருத்துவம் பார்க்கும் உரிமமே போய்விடுமோ என்று அவர் பயந்ததாக அவருடைய குடும்பத்தார் பின்னால் வெளிப்படையாகச் சொன்னார்கள். 2022 மார்ச்சில் அமெரிக்காவில் மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்கு அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. நம் ஊரில் பயத்தின் வடிவம் வேறு. "இவ்வளவு கூடத் தாங்க முடியலைன்னா எதுக்கு இந்த வேலைக்கு வந்தே?" என்ற ஒரு கேள்வி போதும், வாய் அடைத்துவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: டூட்டி முடிந்து வந்தவர் பேசாமல் இருந்தால் உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என்ன நடந்தது என்று உடனே துருவவும் வேண்டாம். சாப்பாட்டை எடுத்துவைத்து, பகலில் தூங்கும்போது கதவைச் சாத்தி, காலிங் பெல்லை அணைத்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, குடி கூடினாலோ, பிடித்த எதிலும் ஆசை இல்லாமல் போனாலோ, "நான் இல்லாட்டா என்ன" என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ காத்திருக்க வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம்.

எங்கள் கேசுவல்டியில் இப்போது ஒரு நீள நோட்டு இருக்கிறது. அந்தத் தம்பி வேலையை விட்ட செய்தி கேட்ட வாரத்தில் நான் வாங்கிவைத்தது. அந்தப் பையன் என்ன ஆனான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு வந்த கேஸ்களில் எங்களால் விசாரிக்க முடிந்ததை எல்லாம் அதில் எழுதுகிறோம்: தேதி, வண்டி, என்ன கேஸ், என்ன ஆனது. நோயாளியின் பெயர் எழுதுவதில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்களைப் பற்றி அங்கே இருக்கும் தோழிகளிடம் போனில் கேட்டு எழுதுவேன். பாதி வரிகளில் 'தவறிவிட்டார்' என்றுதான் இருக்கும். முதலில் அதை எழுதலாமா என்று தயங்கினேன். அண்ணாச்சியிடம் கேட்டேன். "எழுதுங்க சிஸ்டர். தெரியாம இருக்கிறதுக்கு அது மேல்" என்றார்.

போன வாரம் ராத்திரி ஒரு நெஞ்சுவலி கேஸை இறக்கிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவர் நோட்டைப் புரட்டினார். விரலை ஒரு வரியின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார்: "கிணத்துல விழுந்த ஆச்சி வீட்டுக்குப் போயிட்டாளா?"

"வியாழக்கிழமை டிஸ்சார்ஜ் அண்ணாச்சி. நடந்தே போனாங்களாம்."

இன்னும் ஏதோ கேட்க வந்தார். போன் அடித்தது.